சுவிட்ச் வைத்த இடம்

டிணிங்.

ஒரே ஒரு தடவை. மாட்டுக் கழுத்தில் கட்டுகிற சின்ன வெண்கல மணியின் சத்தம். வரிசையில் மூன்றாவதாக நின்ற வெள்ளை பிக்கப்பின் கேபினுக்குள்ளிருந்து வந்தது.

எழில் எழுந்துவிட்டான். கையில் ஜாக்கிக் கம்பி.

"அண்ணா, தங்கராஜண்ணன் வண்டிக்குள்ள எவனோ பூந்துட்டானுங்க."

நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த மற்ற இருவரும் அசையவில்லை.

"மணி என்னாச்சு கண்ணு?" என்றார் சுப்பண்ணன்.

எழில் செல்போனைப் பார்த்தான். "ஒன்னு பத்துங்க."

"அப்பச் சரியாத்தான் இருக்குது. உக்காரு."

மேட்டுப்பாளையம் காய்கறி மண்டிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மலையில் மூன்று நாளாக மழை. சாலையில் மரம் விழுந்து, ஊட்டியிலிருந்து இறங்க வேண்டிய கேரட் லாரி எங்கேயோ ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றது. அது வந்து சேர்ந்தால்தான் கீழே காத்திருக்கும் பிக்கப்களுக்குச் சரக்கு. கோவைக்குப் போகிறவர் சுப்பண்ணன். பாலக்காட்டுக்குப் போகிறவன் ஆஸிம். எழில் இந்த மண்டிக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. உடைந்த தக்காளிப் பெட்டிகளை எரித்துக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள்.

வெள்ளை பிக்கப்பின் சொந்தக்காரர் தங்கராஜ் அங்கே இல்லை. டீ வாங்கப் போயிருந்தார். பஸ் ஸ்டாண்டு வரை, மழையில், நடந்து.

"தினமும் ஒரு மணிக்கு முன்னாடி எறங்கிப் போயிருவாரு," என்றான் ஆஸிம். "நீ இப்பத்தான் கவனிக்கற."

"அது இருக்கட்டுங்க. உள்ள யாரு?"

சுப்பண்ணன் ஒரு பலகைத் துண்டை நெருப்பில் வைத்தார்.

"உன்ற வண்டி திருட்டுப் போகாம இருக்க நீ என்ன பண்ணியிருக்கற?"

"பூட்டுத்தானுங்க. வேறென்ன?"

"ஆஸிம் என்ன பண்ணியிருக்கறான்னு கேளு."

ஆஸிம் சிரித்தான். "எலுமிச்சங்காய ரெண்டாக் கீறிக் குங்குமம் தடவி டேஷ்போர்டுல வெச்சிருக்கேன். ரெண்டு வருஷமா ஒருத்தன் கதவத் தொட்டதில்ல."

"பாய் வண்டியில குங்குமமா?"

"திருடறவனுக்குப் பயம் வரோணும். எனக்கா வரோணும்?"

எழிலும் சிரித்துவிட்டான். சுப்பண்ணன் சிரிக்கவில்லை. மூன்றாவது வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கண்ணாடி உள்பக்கமாக மங்கியிருந்தது… குளிர் இரவில் உள்ளே யாராவது மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் மங்குமே, அப்படி.

"தங்கராஜு பண்ணுனத நீ கேட்டதில்ல," என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

தங்கராஜின் முதல் வண்டி களவு போனது பட்டப்பகலில். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வாசலில். உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு பிக்கப் ஸ்டார்ட் ஆகிற சத்தம். யாருடைய வண்டியோ என்று நினைத்து அவரும் பாடிக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்து வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் டயர் பதிந்த தடம் மட்டும்.

மூன்று தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்த குடும்பம் அது. அந்த வீட்டில் ஒரு பொருளின் ஆர்.சி. புத்தகத்தில் சொந்தப் பெயர் இருந்தது அதுவே முதல் தடவை. ஒன்றரை வருடம் கழித்து, அலைந்து திரிந்து, இந்த வெள்ளை வண்டியைப் பழையதாக வாங்கினார். வாங்கிய அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

கடையில் விற்கிற அலாரத்தை அவர் நம்பவில்லை. விற்கிறவனுக்குத் தெரிந்தது திருடுகிறவனுக்கும் தெரியும் என்றார். எல்லாம் கையால் செய்தார். ஸ்டியரிங்கையும் கிளட்ச் பெடலையும் சேர்த்து மாட்டுச் சங்கிலியால் கட்டினார். பின் சக்கரத்துக்கு முன்னால் ஆணி அடித்த பலகை… அதை அவரே ஒரு இரவு மிதித்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். கதவின் கைப்பிடியில் தூண்டில் நரம்பைக் கட்டி, ஜன்னல் வழியாக இழுத்து, படுக்கைத் தலைமாட்டில் ஒரு மாட்டு மணியில் முடிந்தார். கதவைத் தொட்டால் மணி அடிக்கும்.

கடைசியாகத்தான் அந்த சுவிட்ச்.

டீசல் பம்புக்குப் போகிற ஒயரை நடுவில் வெட்டி, ஒரு சின்ன சுவிட்சைச் செருகினார். அதை அணைத்துவிட்டால், சாவி போட்டு எவ்வளவு திருகினாலும் என்ஜின் பிடிக்காது. அந்த சுவிட்சை எங்கே ஒளித்திருக்கிறார் என்பதுதான் ரகசியம். ஒரே இடத்தில் இருந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போய்வந்த பிறகு இடத்தை மாற்றுவார். ஒரு வாரம் சீட்டுக்கு அடியில். அடுத்த வாரம் ஸ்பீக்கருக்குப் பின்னால். அவர் குப்புறப் படுத்து ஒயரை இணைக்க, அவர் மனைவி சாராள் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பாள். உலகத்தில் அந்த இரண்டு பேருக்கு மட்டுமே இடம் தெரியும்.

"அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியுங்களா?" என்றான் எழில்.

"எனக்கு மேல ஓட்டும் அந்த அம்மணி. பாக்கு உரிக்கற கொட்டாய்க்கு அதுதான் மூட்டை ஏத்திட்டுப் போகும். வேலையும் அங்கீதான்."

பாக்கு வேலை செய்கிற பெண்களின் விரல்களில் கறை ஏறிவிடும். எந்த சோப்புக்கும் போகாது. சாராளின் பத்து விரலும் பழுப்பு. பத்துக் கூட இல்லை. வலது கை மோதிர விரல் பாதிதான் இருந்தது. மீதியைப் பாக்கு உரிக்கிற கத்தி எடுத்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசியில், அவளுடைய அண்ணன் மெர்வின் வீடு மாற்ற வண்டி கேட்டான். தங்கராஜ் வெளியே போயிருந்தார். சாராள் சாவியைக் கொடுத்து, சுவிட்ச் இருந்த இடத்தையும் சொல்லிவிட்டாள். தங்கராஜ் திரும்பி வந்து, கூச்சல் போடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடம் டார்ச்சைக் கொடுக்கவில்லை. வாயில் கவ்விக்கொண்டு தனியாகவே இடத்தை மாற்றினார்.

"எங்கீங்க வெச்சீங்க?" என்று கேட்டாளாம்.

"உனக்குச் சொன்னா உங்கண்ணனுக்குத் தெரியும். உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். கோவம் ஆறட்டும், சொல்றேன்."

அவளும் சரி என்று போய்விட்டாள்.

சுப்பண்ணன் நிறுத்தினார். நெருப்பில் பலகை வெடித்து ஒரு ஆணி தெறித்தது.

"அந்த வியாழக்கெழம எனக்குக் காய்ச்சல். அப்ப நான் ஒரு முதலாளிகிட்ட லாரி ஓட்டிட்டு இருந்தேன். கொடுமுடிக்கு வாழைத்தார் ஏத்தற ட்ரிப்பு. எனக்குப் பதிலா தங்கராஜு போனாரு. நான்தான் போகச் சொன்னேன்."

ஆஸிம் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு இந்தக் கதை தெரியும்.

அவர்கள் குடியிருந்தது பாக்குத் தோப்புக்குள் ஒரு வீடு. அக்கம்பக்கம் கிடையாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ராசம்மாள் என்கிற அம்மாவின் வீடு மட்டும். நல்ல மழை. சாராள் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். கட்டு விரியன் கடித்தால் வலி தெரியாது. நடு இரவில் வயிறு வலிக்க எழுந்தவள், சாப்பிட்டது சேரவில்லை என்று சோடா குடித்திருக்கிறாள். அப்புறம் கண் இமை தானாக மூடியது. விரலால் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோதுதான் கணுக்காலில் இரண்டு புள்ளி தெரிந்தது.

ஆம்புலன்சுக்குச் சொன்னாள். தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போனதால் அது சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. பிக்கப் உயரமான வண்டி, பாலத்தைத் தாண்டிவிடும். ராசம்மாளுக்கு போன் செய்து நடந்ததையெல்லாம் சொல்லி, "அக்கா, நானே எடுத்துட்டு வாரேன், ரோட்டுல நில்லுங்க" என்று சொல்லியிருக்கிறாள். சங்கிலியைக் கழற்றினாள். ஆணிப் பலகையை நகர்த்தி வைத்தாள். சாவியைத் திருகினாள்.

என்ஜின் பிடிக்கவில்லை.

அப்போது மணி ஒன்று பத்து.

கொடுமுடியில் தங்கராஜின் செல்போன் லாரி கேபினுக்குள் சார்ஜில் கிடந்தது. அவர் தோப்புக்குள் தார் எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறாள். கடைசியில் ஒரு வாய்ஸ் மெசேஜ். நாக்கு குழறியிருந்தது. கோபம் இல்லை. அடுக்களையில் உப்பு டப்பா எங்கே என்று கேட்பது மாதிரி கேட்டிருக்கிறாள்.

"ஏனுங்க… சுவிட்ச் எங்கீங்க வெச்சீங்க?"

ரோட்டில் காத்திருந்து பார்த்துவிட்டு ராசம்மாள் ஓடி வந்தபோது, கேபின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மிதியடி புரட்டிக் கிடந்தது. ஃபியூஸ் பெட்டி திறந்திருந்தது. ஆர்.சி. புத்தகமும் மற்ற காகிதங்களும் சீட்டின் மேல் ஒழுங்காக அடுக்கியிருந்தன… அந்த நிலையிலும் அவள் எதையும் வாரி இறைக்கவில்லை. டிரைவர் சீட்டில் சாய்ந்திருந்தாள். வலது கை ஸ்டியரிங்குக்குக் கீழே துழாவியபடி நின்றுபோயிருந்தது.

அந்த வாரம் சுவிட்ச் இருந்தது ஸ்டியரிங் தண்டுக்குப் பின்னால். விரல் நுனியிலிருந்து ஒரு சாண் தூரம்.

தகரத்தில் மழை தடதடத்தது.

டிணிங்.

எழில் திரும்பிப் பார்த்தான். வண்டியின் கதவு மூடியபடியே இருந்தது.

"அப்புறம்?" என்றான், சத்தமில்லாமல்.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த இரவு, தலைமாட்டில் மணி அடித்தது. தங்கராஜ் தடியை எடுத்துக்கொண்டு ஓடினார். வண்டி பூட்டியபடி நின்றது. திறந்தால், உள்ளே மிதியடி புரட்டியிருந்தது. ஃபியூஸ் பெட்டி மூடி கழன்றிருந்தது. காகிதங்கள் சீட்டில் அடுக்கியிருந்தன. எதுவும் திருட்டுப் போகவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

யாரோ சுவிட்சைத் தேடுகிறார்கள், கிடைத்ததும் வண்டியைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே தெரிந்த ஆள் இன்னும் ஒருத்தன்தான். மெர்வின். தங்கச்சியைப் பறிகொடுத்த கோபத்தில் செய்கிறான் என்று நினைத்தார். நேரே போய்க் கேட்டார். மெர்வின் அழுதுவிட்டான். இவர் நம்பவில்லை. சுவிட்சை வேறு இடத்துக்கு மாற்றினார். அப்புறம் இன்னொரு இடத்துக்கு.

ராசம்மாள்தான் யோசனை சொன்னது. ஆனைமலையில் மாசாணியம்மன் கோயில். பொருளைப் பறிகொடுத்தவர்கள் அங்கே போய் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி வேண்டிக்கொண்டால், தப்பு செய்தவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்று நம்பிக்கை. தங்கராஜ் சர்ச்சுக்குப் போகிறவர். கோயில் வாசல் மிதித்ததில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை. போதகருக்குத் தெரியாமல் பஸ் ஏறினார். ராசம்மாள் வரிசையில் கூட நிற்க, கை சிவக்கச் சிவக்க அரைத்தார். "என்ற வண்டியில கை வெக்கறது யாரா இருந்தாலும் அந்தக் கை எரியோணும்" என்று சொல்லிப் பூசினார்.

அன்று இரவு மணி அடித்தது. ஒரு தடவை இல்லை… விடாமல். கை உதறுகிற மாதிரி.

காலையில் போய்ப் பார்த்தால், கேபினில் வைத்திருந்த ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் காலி. சீட் நனைந்திருந்தது. தரை நனைந்திருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். யாரோ கையைக் கழுவி, கழுவி, கழுவி, எரிச்சல் அடங்காமல் மறுபடியும் கழுவியிருக்கிறார்கள்.

அவருக்கு சந்தோஷம்தான். வேண்டுதல் பலித்துவிட்டது. இனி ஆளைப் பிடித்துவிடலாம் என்று, அடுத்த நாள் இரவு டேஷ்போர்டு, ஸ்டியரிங், சீட் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்புப் பொடியைத் தூவிவிட்டுப் படுத்தார். தொட்டால் கைரேகை விழுமே.

விழுந்திருந்தது.

"நானும் பாத்தேன்," என்றார் சுப்பண்ணன். "காலையில எனக்குத்தான் போன் பண்ணுனாரு. பேச்சே வரல. போய்ப் பாத்தா வண்டிக்குப் பக்கத்துல மண்ணுல உக்காந்திருக்காரு. வெள்ளைச் சுண்ணாம்பு மேல செவப்பு செவப்பா வெரல் தடம். ரத்தமில்ல கண்ணு. பாக்குக் கறை சுண்ணாம்புல பட்டா செவக்குமே… அந்தச் செவப்பு. கேபின் முச்சூடும் வேகவெச்ச பாக்கு வாசம். எடது கையில அஞ்சு தடம்."

"வலது கையிலீங்க?"

"நாலரை."

எழில் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டான்.

"அந்தக் கை எரியோணும்னுதான் அவரு அரைச்சுட்டு வந்திருக்காரு," என்றான் ஆஸிம் மெதுவாக.

தங்கராஜ் அன்றைக்கே மறுபடியும் ஆனைமலைக்கு ஓடினார். எரிச்சல் தணிய எண்ணெய்க் காப்புச் சாத்தச் சொல்லிவிட்டு, தெரியாமல் கேட்டுவிட்டேன், கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள் என்று கோயில் தரையில் விழுந்து கிடந்தாராம். மெர்வின் வீட்டுக்குப் போய் அவன் காலையும் பிடித்திருக்கிறார். அதன் பிறகு தண்ணீர் கேன் காலியாகவில்லை. மணி மட்டும் நிற்கவில்லை. வண்டி எந்த ஊரில் நின்றாலும், ஒன்று பத்துக்கு அவள் வந்துவிடுகிறாள். அதனால் மணியையே எடுத்து வந்து கேபின் கண்ணாடியில் தொங்கவிட்டிருக்கிறார்.

"இன்னும் தேடறாங்களா?"

"என்ஜின் பிடிக்கற வரைக்கும் தேடும். அதோட காரியம் முடியலையே. ஆஸ்பத்திரிக்குப் போகோணும்னு உக்காந்த பொம்பள." சுப்பண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டார். "போதகர் வந்து ஜெபம் பண்ணுனாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு ஒன்னே ஒன்னுதான் சொன்னாரு. எடத்தை அந்த அம்மாகிட்டச் சொல்லிருங்க, வாய் விட்டுச் சொல்லிருங்க, அது வண்டியை எடுத்துட்டு நிம்மதியாப் போயிரும்னாரு. தங்கராஜும் சரிங்கன்னாரு. அது ஆச்சு ஒன்றரை வருசம்."

"சொல்லலீங்களா?"

"சொல்லியிருப்பாருன்னுதான் நாங்க நெனைக்கறோம். சொல்லாம இருப்பாரா? ஆனா மணி நிக்கலையே. அதுதான் எங்களுக்கு வெளங்கல."

எழில் எதுவோ யோசித்தான். "சாயங்காலம் அண்ணன் என்னைய டார்ச் புடிக்கச் சொன்னாருங்க. லைட்டு ஒயர் லூசுன்னு சொல்லி, டேஷ்போர்டுக்கு அடியில படுத்து என்னமோ பண்ணிட்டு இருந்தாரு. சட்டையெல்லாம் வெள்ளையா ஒட்டியிருந்துச்சு. மாவுன்னு நெனச்சேன்."

"பழைய வண்டி. ஒயர் லூசாகத்தான் செய்யும்," என்றார் சுப்பண்ணன்.

மழை விட்டிருந்தது. கல்லாறு பக்கமிருந்து லாரியின் ஹார்ன் கேட்டது. ஆஸிம் நெருப்பை மண் போட்டு அணைத்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து ஒரு ஆள் நடந்து வந்தார். ஒல்லியான உடம்பு, தலையில் துண்டு. இரண்டு கையிலும் இரண்டு டீ கப், சிந்தாமல் இருக்க மேலே காகிதம் மூடியிருந்தது. வண்டிக்கு இரண்டடி முன்னால் நின்றார். தொண்டையைச் செருமினார்… வீட்டுக்குள் நுழைகிறவர் தன் வரவைத் தெரிவிப்பது மாதிரி. பிறகுதான் கதவைத் திறந்தார்.

உள்ளேயிருந்து ஒரு வாசம் வந்தது. வேகவைத்த பாக்கின் துவர்ப்பு.

எழில் பக்கத்தில் போய் நின்றான். கேபின் விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தது. புரட்டிய மிதியடி. கழன்ற ஃபியூஸ் பெட்டி மூடி. சீட்டின் மேல் ஒழுங்காக அடுக்கிய காகிதங்கள். தங்கராஜ் ஒரு டீயை டேஷ்போர்டில் வைத்தார். மிதியடியைத் தட்டி விரித்தார். மூடியைப் பொருத்தினார். காகிதங்களை எடுத்து, கொஞ்சமும் கலைக்காமல், இருந்த இடத்தில் வைத்தார். விடிந்தால் ஸ்கூலுக்குப் போகிற பிள்ளையின் புத்தகத்தை எடுத்து வைக்கிற பக்குவம்.

"அண்ணா," என்றான் எழில். "தப்பா எடுத்துக்காதீங்க. அக்காகிட்டச் சொல்லிப்போடுங்க. பாவமுங்க. ரெண்டு வருசமா இருட்டுக்குள்ள தேடிட்டு இருக்காங்க."

தங்கராஜ் கோபப்படவில்லை. டேஷ்போர்டின் மேல் படிந்திருந்த வெள்ளைப் பொடியைக் குனிந்து பார்த்தார். அதில் நாலரைச் சிவப்புத் தடம். ஈரம் காயவில்லை. தன் விரல்களைக் கொண்டுபோய், தொடாமல், அதற்கு நேர் மேலே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

அப்புறம் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"நேத்து அவ கை ஒரு சாண் கிட்ட வந்துருச்சு கண்ணு… அதான் சாயங்காலம் எடத்தை மாத்தறதுக்கு உன்னைய டார்ச் புடிக்கச் சொன்னேன்."